சினிமாப் பாட்டை ஆராயும் பிள்ளைக்கு வழிகாட்டி எங்கே?

சினிமாப் பாட்டை ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கப் போவதாக ஒரு பிள்ளை வீட்டில் சொன்னால் முதலில் சிரிப்பு வரும். பிறகு கோபம் வரும். "பாட்டைக் கேட்டால் போதாதா? அதற்குப் பட்டம் வேறா?" என்பார் தந்தை. அந்தத் தந்தையோ, காலையில் தாதரில் வண்டி மாறும்போதும் காதில் பாட்டோடு நிற்பவர். ஞாயிற்றுக்கிழமை எங்கேனும் பழைய பாட்டு ஒலித்தால், பாடியவர் யார், இசை யார் என்று பக்கத்து வீட்டுக்காரரோடு பந்தயம் கட்டுபவர். ஆனாலும் அது படிப்பு அல்ல என்பது அவர் தீர்ப்பு.

தந்தையைக் குறை சொல்லிப் பயனில்லை. பல்கலைக்கழகங்களே நெடுங்காலம் அப்படித்தான் நினைத்தன. மேல்நாட்டிலும் இதே கதைதான். பீத்தோவனை ஆராய்ந்தால் படிப்பு, கடைத்தெருப் பாட்டை ஆராய்ந்தால் பொழுதுபோக்கு என்று அங்கும் சொன்னார்கள். அதை மாற்றியவர்களில் பிலிப் டாக் என்பவர் ஒருவர். தொலைக்காட்சித் துப்பறியும் தொடர் ஒன்றின் தொடக்க இசை, மொத்தம் 50 விநாடி. அதை மட்டுமே எடுத்துக்கொண்டு ஒரு முழு ஆராய்ச்சி நூலை 1979-இல் எழுதிக் காட்டினார். 1981-இல் அவரும் நண்பர்களும் சேர்ந்து, மக்கள் இசையை ஆராய்வோருக்கென ஓர் உலகச் சங்கம் கண்டார்கள். அதே ஆண்டில் கேம்பிரிட்ஜிலிருந்து அத்துறைக்கென்றே ஓர் ஆராய்ச்சி ஏடு வந்தது. 1988-இல் லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் தனி நிறுவனமே அமைந்தது. சங்கம், ஏடு, துறை என்று மூன்றும் வந்த பிறகு, புதிதாக வரும் இளைஞனுக்குச் சாய்ந்துகொள்ள ஒரு சுவர் கிடைத்தது. முதல் கட்டுரையை யாரிடம் காட்டுவது, எந்த மாநாட்டில் படிப்பது, வேலைக்கு மனு எப்படிப் போடுவது என்று சொல்லித்தர ஆள் இருந்தது.

இந்தியாவில் அந்தச் சுவர் இன்னும் எழவில்லை. பாட்டுக்குப் பஞ்சமா என்றால் இல்லை. 1931-இல் படம் பேசத் தொடங்கிய நாள் முதல் பாடிக்கொண்டே இருக்கும் நாடு இது. ஆனால் இந்தி சினிமாப் பாட்டைப் பற்றிய பெரிய ஆராய்ச்சி நூல்களைப் பட்டியல் போட்டால் பெயர்கள் எங்கெங்கிருந்தோ வருகின்றன. ஒலிநாடா வந்தபின் வட இந்தியப் பாட்டு எப்படி மாறியது என்று 1993-இல் எழுதியவர் அமெரிக்கரான பீட்டர் மானுவல். அன்றைய பம்பாய் ஸ்டூடியோக்களில் வாசித்த வாத்தியக்காரர்களை வீடு வீடாகத் தேடிப் பேட்டி கண்டு 2008-இல் நூல் தந்தவர் நியூஜிலாந்து நாட்டின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரிகரி பூத். அந்தேரியிலும் பாந்திராவிலும் இருந்த மனிதர்களின் கதையைக் கேட்க ஆக்லாந்திலிருந்து ஒருவர் வந்தார்.

வெளிநாட்டார் எழுதியது குற்றமா? இல்லவே இல்லை. அவர்கள் எழுதாவிட்டால் அந்த வாத்தியக்காரர்களில் பலர் பெயர் தெரியாமலே போயிருப்பார்கள். அந்தேரியில் பிறந்த பிள்ளைக்கு அதே வேலையைச் செய்ய ஆதரவு ஏன் கிடைக்கவில்லை என்பதுதான் கேள்வி.

இங்கேயே செய்தவர்களும் உண்டு. பம்பாய்ப் பல்கலைக்கழக இசை மையத்துக்கு இயக்குநராக இருந்த அசோக் ரானடே 2006-இல் இந்திப் படப்பாட்டைப் பற்றி நூல் எழுதினார். சாஸ்திரிய இசை அறிந்தவர், படப்பாட்டை இளக்காரமாகப் பார்க்காதவர். ஆனால் அவரைப் போல ஒருவர், இருவரைத்தான் விரல் விட்டு எண்ணலாம்.

மற்றபடி இந்த நாட்டில் பாட்டின் வரலாற்றைக் காத்தவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழக வாசலுக்கு வெளியே நின்றவர்கள். கான்பூரில் ஹர்மந்தர் சிங் 'ஹம்ராஸ்' என்பவர், 1931 தொடங்கி ஒவ்வோர் இந்திப் படத்தின் பாட்டு, பாடியவர், எழுதியவர், இசைத்தட்டின் எண் என்று தேடித் தேடித் தொகுத்தார். அவருடைய 'இந்தி பிலிம் கீத் கோஷ்' 1980 முதல் தொகுதி தொகுதியாக வெளிவந்தது. இன்று யார் இந்திப் பாட்டைப் பற்றி எழுதினாலும் அந்தத் தொகுதிகளைப் புரட்டாமல் எழுத முடியாது. மும்பையில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் அறிவியல் வேலை பார்த்த சுரேஷ் சாந்த்வண்கர், 1990-இல் தொடங்கிய இசைத்தட்டுச் சேகரிப்போர் சங்கத்தைப் பல்லாண்டு நடத்தினார். சென்னையில் பிலிம் நியூஸ் ஆனந்தன். பத்திரிகைத் தொடர்பாளராகப் பிழைத்தவர், தமிழ்ப் படங்களின் விவரமெல்லாம் சேர்த்து வைத்தார். காரைக்குடிப் பக்கம் கோட்டையூரில் ரோஜா முத்தையா. பெயர்ப் பலகை எழுதும் கலைஞர், புத்தகத்தோடு பாட்டுப் புத்தகங்களையும் வாங்கி அடுக்கினார். அவர் சேர்த்ததுதான் 1994 முதல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. விடுதலைப் போராட்டக் காலத்து நாடகம், பாட்டு, சினிமாவைப் பற்றி 1981-இல் ஆங்கிலத்தில் நூல் எழுதிய தியடோர் பாஸ்கரன், தபால் இலாகாவில் உயர் அதிகாரி.

பெயர்ப் பலகைக்காரர், விஞ்ஞானி, தபால்காரர்.  பெரும்பாலும் பிழைப்புக்கு வேறு வேலை பார்த்துக்கொண்டே செய்த வேலை இது. மும்பைத் தமிழர்களில் பலர் ஏதோ ஓர் ஆபீசில் உட்கார்ந்திருப்பவர்கள். ஆகவே இந்தச் செய்தி அவர்களுக்கும் உரியது.

காமினி யார்?

தனியாகச் செய்தவர்கள் இத்தனை பேர் இருக்கும்போது வழிகாட்டி எதற்கு என்று கேட்கலாம். ஓர் உதாரணம் போதும்.

1949-இல் 'மகால்' என்ற இந்திப் படம் வந்தது. லதா மங்கேஷ்கரைப் புகழின் உச்சிக்குக் கொண்டுபோன பாட்டு அதில் இருக்கிறது. அந்தப் பாட்டின் முதல் இசைத்தட்டை ஒரு புதிய ஆராய்ச்சி மாணவனிடம் கொடுத்தால், பாடியவர் பெயர் 'காமினி' என்று எழுதிக்கொள்வான். தட்டில் அப்படித்தான் அச்சாகியிருந்தது. காமினி என்பது படத்தில் வரும் பாத்திரத்தின் பெயர். அந்நாளில் பின்னணி பாடியவர் பெயரைத் தட்டில் போடாமல், கதையில் பாடுபவர் பெயரைப் போடுவது வழக்கம். இது எந்தப் பாடப் புத்தகத்திலும் முதல் பக்கத்தில் இல்லை. தட்டுகளோடு வாழ்ந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னால் ஒரு நிமிடத்தில் தெரியும். சொல்ல ஆள் இல்லையென்றால், 'காமினி என்ற மறக்கப்பட்ட பாடகி' என்று ஒரு கட்டுரையே வந்துவிடும். சிரிக்க வேண்டாம், இதைவிடப் பெரிய தவறுகளும் அச்சில் வந்திருக்கின்றன.

பாட்டுப் புத்தகங்களும் அப்படித்தான். பாட்டு இருக்கும், கதைச் சுருக்கம் இருக்கும், நடித்தவர் பெயர் இருக்கும். பாடியவர் பெயர் பல புத்தகங்களில் இராது. வயலின் வாசித்த முப்பது பேரில் ஒருவர் பெயரும் இராது. படத்தின் தலைப்பிலும் இராது. இசையமைப்பாளர் முணுமுணுத்த மெட்டை எடுத்து, எந்த வாத்தியம் எங்கே வரவேண்டும் என்று எழுதிக் கொடுத்தவர்களில் பலர் கோவாவிலிருந்து வந்தவர்கள். அவர்கள் பெயரும் அநேகமாக இராது. அந்தோணி கொன்சால்வஸ் என்பவர் வயலின் ஆசிரியர், இசையை எழுதிக் கொடுக்கும் அரேஞ்சர். அவரிடம் கற்றவர்களில் ஒருவர் இசையமைப்பாளர் பியாரேலால். 1977-இல் வந்த 'அமர் அக்பர் அந்தோணி' படத்தில் அமிதாப் பச்சன் பாடும் பாட்டில் வருவது அந்த ஆசிரியரின் பெயர்தான். நாடே அந்தப் பெயரைப் பாடியது. அப்படி ஒரு மனிதர் உண்மையிலேயே இருந்தார் என்பது பாடியவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்தது? அவர் 2012-இல் காலமானார்.

அங்கேதான் அவசரம் இருக்கிறது. தட்டு பத்து வருடம் பரணில் கிடந்தாலும் கிடக்கும். ஸ்டூடியோவில் வாசித்தவருக்கு இன்று எண்பது வயது. அவரிடம் போய்க் கேட்கத் தெரிந்த பிள்ளை வேண்டும். கேட்பதும் ஒரு வித்தைதான். "உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்" என்றால் அவர் லதாஜியைப் பற்றி நாலு வார்த்தை புகழ்ந்துவிட்டு டீ கொடுத்து அனுப்பிவிடுவார். "அன்று காலை எத்தனை மணிக்கு ஸ்டூடியோவுக்குப் போனீர்கள்? எத்தனை மைக்? யார் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள்? கூலி யார் கையால் வந்தது?" என்று கேட்டால்தான் வாய் திறக்கும். இதை முதல் பேட்டிக்கு முன்னால் சொல்லித்தர ஒருவர் வேண்டும். பத்தாவது பேட்டியில் தானே கற்றுக்கொள்வதற்குள் ஒன்பது பெரியவர்கள் கைநழுவிப் போய்விடுவார்கள்.

மூன்று மொழிப் பிள்ளை

தாராவியில் வளர்ந்த ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்வோம். வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பள்ளியில் மராத்தி. மூன்று மொழியிலும் பாட்டு தெரியும். எம்.ஏ. முடித்துவிட்டு ஆராய்ச்சிக்கு வருகிறான். தமிழ்த் துறையில் கேட்டால், பாடல் வரிகளை மட்டும் எடுத்துக்கொள், உவமை உருவகம் பார் என்பார்கள். மெட்டைப் பற்றிப் பேசினால் அது இசைத் துறை வேலை. இசைத் துறைக்குப் போனால் ராகம் பாடிக் காட்டச் சொல்வார்கள், சினிமாப் பாட்டா என்று முகம் சுளிப்பார்கள். சினிமா படிப்பு இருக்கும் இடத்துக்குப் போனால் படத்தைப் பற்றி எழுது, பாட்டு அதில் ஒரு பகுதிதானே என்பார்கள். மூன்று வாசலிலும் சொல்வது தனித்தனியே பார்த்தால் நியாயம்தான். மூன்றும் சேர்ந்தால் பிள்ளை தெருவில் நிற்கிறான்.

ஆனால் அவனிடம் இருப்பது மற்றவரிடம் இல்லாத மூலதனம். தமிழின் முதல் பேசும் படம் 'காளிதாஸ்' 1931-இல் எடுக்கப்பட்டது சென்னையில் அல்ல, பம்பாயில். அர்தேஷிர் இரானியின் இம்பீரியல் கம்பெனி எடுத்தது. மதுரகவி பாஸ்கரதாஸ் பாட்டெழுதினார். படச்சுருள் இன்று கிடைக்கவில்லை. சென்னையில் 1934-இல் பேசும்பட ஸ்டூடியோ வரும்வரை தமிழ்ப் படத்துக்குப் பம்பாய், கல்கத்தா என்று ஓடினார்கள். அந்நாளில் தமிழ்ப் பாட்டுக்கு இந்த ஊரில் தபேலாவும் ஆர்மோனியமும் வாசித்தவர்கள் யார்? மராத்திப் பத்திரிகையும் தமிழ்ப் பாட்டுப் புத்தகமும் ஒருசேரப் படிக்கத் தெரிந்தவனால்தான் தேட முடியும். எஸ்.எஸ்.வாசனின் 'வஞ்சிக்கோட்டை வாலிபன்' (1958) படத்துக்கு இசை சி.ராம்சந்திரா. அவர் மராட்டியர். அதே படம் அதே ஆண்டில் இந்தியிலும் வந்தது, அதற்கும் அவரே இசை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆராய, தமிழ் மட்டும் தெரிந்தவராலும் ஆகாது, இந்தி மட்டும் தெரிந்தவராலும் ஆகாது. இன்றைக்கு வந்தால், தாராவிப் பையன்களின் தமிழ் ராப் பாட்டு 2018-இல் 'காலா' படம் வரைக்கும் போயிற்று. அதைப் பற்றி எழுத எங்கிருந்தோ வருபவருக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். பக்கத்துச் சந்துப் பிள்ளைக்கு வேண்டாம்.

விதியில் வழி இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு முனைவர் பட்ட விதிப்படி, வேறு துறையிலிருந்தோ வேறு நிறுவனத்திலிருந்தோ இணை வழிகாட்டி ஒருவரை வைத்துக்கொள்ளலாம். தமிழ்த் துறையில் ஒருவர், இசைத் துறையில் ஒருவர் என்று இருவர் கையைப் பிடித்துப் போகலாம். இன்னொன்றும் அதே ஆண்டில் வந்தது. 'புரொபசர் ஆப் பிராக்டிஸ்' என்ற பதவி. தம் தொழிலில் பதினைந்து ஆண்டாவது தேர்ந்தவராக இருந்தால், பட்டம் இல்லாவிட்டாலும் குறித்த காலத்துக்கு அமர்த்தலாம், மொத்தப் பணியிடத்தில் பத்து சதவீதம் வரை. கலைத் துறையும் அதில் சேர்த்தி. நாற்பது ஆண்டு ஸ்டூடியோவில் வயலின் வாசித்தவரை வகுப்பில் உட்கார வைக்கச் சட்டம் தடையில்லை. துறைத் தலைவர்களுக்கு மனம் வரவேண்டும். பொறியியலுக்கும் நிர்வாகப் படிப்புக்கும் ஆள் தேடும் வேகத்தில் கால்வாசி இதற்கு இருந்தால் போதும்.

குரு வேறு, வழிகாட்டி வேறு

ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இசை என்றதும் குருகுலம் நினைவுக்கு வருகிறது. குருவுக்குத் தண்ணீர் சுமந்தார், கால் பிடித்தார், பன்னிரண்டு ஆண்டு கழித்து வித்தை கிடைத்தது என்று கதை சொல்கிறோம். பாடக் கற்பதற்கு அது சரியோ தவறோ, ஆராய்ச்சிக்கு ஒத்துவராது. வழிகாட்டி சொன்ன தேதி தவறு என்று இசைத்தட்டைக் காட்டி மாணவன் சொல்ல முடியவேண்டும். சொன்னால் மறுநாள் கையெழுத்து கிடைக்காது என்ற பயம் இருந்தால் அங்கே வளர்வது அறிவு அல்ல. வழிகாட்டி வீட்டுக்குக் காய்கறி வாங்கிப் போகும் ஆராய்ச்சி மாணவர்களைப் பற்றிக் கேள்விப்படாதவர் இல்லை. மாணவன் எழுதிய கட்டுரையில் தம் பெயரை முதலில் போட்டுக்கொள்பவர்களும் உண்டு. ஆகவே பட்டத்துக்குக் கையெழுத்துப் போடுபவர் ஒருவராகவும், மனம்விட்டுப் பேச வாய்ப்பவர் வேறொருவராகவும் இருப்பது நல்லது. மேல்நாட்டு இசையாராய்ச்சிச் சங்கங்கள் சிலவற்றில், வேறு ஊர்ப் பல்கலைக்கழகத்து மூத்தவர் ஒருவரை இளையவரோடு சேர்த்து வைப்பது இதனால்தான்.

மறுபக்கமும் உண்டு. இசைத்தட்டு சேர்த்தவர்களிடம் போய்ப் படம் எடுத்துக்கொண்டு, கதை கேட்டுக்கொண்டு, பிறகு திரும்பிப் பார்க்காத ஆராய்ச்சியாளர்கள் ஏராளம். நூலில் பெயர்கூட இராது. அடுத்து வருபவனுக்குக் கதவு திறக்கவில்லை என்றால் யாரைக் குற்றம் சொல்வது? முடித்த ஆராய்ச்சியில் ஒரு பிரதியைப் பேட்டி கொடுத்தவர் வீட்டில் கொண்டுபோய் வைப்பதும் பயிற்சியில் ஒரு பாடமாக இருக்கவேண்டும்.

சட்டமும் பாடமாக வேண்டும். இளைஞர்கள் இரண்டு விதத்தில் தவறுகிறார்கள். சிலர் பாட்டில் நாலு வரி எழுதினாலே கம்பெனி வழக்குப் போடும் என்று நடுங்குகிறார்கள். சிலர் பாட்டு முழுவதையும் அச்சடித்துவிட்டுத் திகைக்கிறார்கள். 1957-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆராய்ச்சிக்கும் விமர்சனத்துக்கும் நியாயமான அளவில் பயன்படுத்த இடம் தருகிறது. ஒலிப்பதிவின் உரிமை, வெளியான ஆண்டுக்குப்பின் 60 ஆண்டு. பாட்டெழுதியவர், இசையமைத்தவர் உரிமை அவர்கள் இறந்தபின் 60 ஆண்டு. இரண்டும் வேறு வேறு. இதை அரைமணி நேரத்தில் சொல்லித்தந்துவிடலாம்.

எட்டாயிரம் ரூபாய்

இத்தனையும் கிடைத்தாலும் வயிறு ஒன்று இருக்கிறது. நெட் தேர்வில் தேறி ஜே.ஆர்.எப். உதவித்தொகை பெற்றவருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய் என்று ஆனது. அது பெறாமல் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்பவருக்கு வைத்திருந்த தொகை 8,000 ரூபாய். மும்பையில் எட்டாயிரத்துக்கு என்ன வரும் என்று இந்த ஊரில் வாடகை கொடுப்பவருக்குச் சொல்லவேண்டியதில்லை. பட்டம் வாங்கிய பிறகும் மணிக் கணக்கில் சம்பளம் பெறும் கௌரவ விரிவுரையாளர் வேலைதான் பலருக்கு. விடுமுறை மாதத்தில் அதுவும் இல்லை.

இந்த நெருக்கடியில்தான் பணம் வாங்கிக்கொண்டு கட்டுரை போடும் ஏடுகளில் பிள்ளைகள் விழுந்தார்கள். ஆராய்ச்சி நூலைக் கொடுக்குமுன் ஒரு கட்டுரையாவது வெளியாகியிருக்க வேண்டும் என்று 2016 விதி சொன்னது. உடனே மழைக்காளான் போல ஏடுகள் முளைத்தன. 2022-இல் அந்தக் கட்டாயம் எடுக்கப்பட்டது. ஆனால் வேலைக்கு மனுப் போடும்போது எத்தனை கட்டுரை என்று கேட்பது நிற்கவில்லை. எந்த ஏடு நல்லது, எது வெறும் கடை என்று காதோடு சொல்ல ஒரு மூத்தவர் இருந்தால் அந்தப் பணம் மிச்சம்.

ஊர்ச் சங்கங்களும் சபாக்களும் இங்கே கொஞ்சம் செய்யலாம். பாடகர் வந்தால் பொன்னாடை, இசையமைப்பாளர் வந்தால் நினைவுப் பரிசு, எல்லாம் குறைவின்றி நடக்கிறது. பாட்டின் வரலாற்றை எழுதும் இளைஞரை மேடையில் ஏற்றியதாகக் கேள்வி இல்லை. பொன்னாடை வேண்டாம். மாதத்தில் ஒரு மாலை, ஒரு சின்ன அறை, ஒரு பழைய தட்டு வாசிக்கும் பெட்டி. தட்டு சேர்த்தவர் ஒருவர், வாசித்த பெரியவர் ஒருவர், ஆராயும் பிள்ளைகள் நாலு பேர். அன்று ஒரு பிள்ளை தான் எழுதியதைப் படிக்கட்டும், மற்றவர்கள் தவறு சொல்லட்டும். ஒரு பேட்டிக்குப் போகவர ரயில் கட்டணம் சங்கம் தரட்டும். ஆண்டு விழா மாலைச் செலவில் பாதிகூட ஆகாது.

வேலையில் இருப்பவர்களுக்கும் கதவு மூடியில்லை. 2022 விதி, பகுதி நேரமாக முனைவர் பட்டம் படிக்க அனுமதிக்கிறது. வேலை பார்க்கும் இடத்திலிருந்து ஆட்சேபணை இல்லை என்ற கடிதம் வாங்கவேண்டும். ஆராய்ச்சிக்குப் போதிய நேரம் தருவதாகவும் அதில் எழுதித் தரவேண்டும். பாங்கியிலும் ரயில்வேயிலும் தபால் ஆபீசிலும் பாட்டுப் பைத்தியம் என்று பெயர் வாங்கியவர்கள், வீட்டில் நோட்டுப் புத்தகத்தில் படம், ஆண்டு, பாடியவர் என்று முப்பது வருடமாக எழுதி வைத்திருப்பவர்கள் எத்தனையோ பேர். முதுகலைப் பட்டம் உள்ளவர் விண்ணப்பம் போட்டுப் பார்க்கலாம். இல்லாதவர் அந்த நோட்டுப் புத்தகத்தைப் பழைய பேப்பர்காரரிடம் போடாமல், படிக்கும் பிள்ளை ஒருவனைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் காட்டலாம். அதற்கு யாருடைய கடிதமும் வேண்டாம்.